சென்னையிலிருந்து சிம்லாவுக்கு ரயிலிலேயே: வண்டி மாறுவதும் இடையில் ஓர் இரவு தங்குவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிம்லா போகிறவர்களில் பலர் சண்டிகர் வரை விமானத்தில் போய், அங்கிருந்து கார் பிடித்து மலையேறிவிடுகிறார்கள். அப்படி இல்லாமல் சென்ட்ரலில் ஏறி சிம்லா ஸ்டேஷனிலேயே இறங்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கானது இது. மூன்று வண்டி, இரண்டு மாற்றம், நடுவில் ஓர் இரவு. இங்கே சொல்லியிருக்கும் வண்டி நேரங்கள் தோராயமானவை. கால அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மொத்தப் பாதை எப்படி?

சென்னையிலிருந்து தில்லி, தில்லியிலிருந்து கால்கா, கால்காவிலிருந்து சிம்லா. முதல் இரண்டும் அகலப் பாதை. கால்காவோடு அது முடிந்துவிடும். அங்கிருந்து சிம்லாவுக்கு 762 மில்லிமீட்டர் அகலமுள்ள குறும்பாதையில் குட்டி ரயில்தான். அதனால் எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் கால்காவில் இறங்கி மாறித்தான் ஆக வேண்டும்.

சென்னை–தில்லி ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். பலரும் எடுப்பது தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். இரவு பத்து மணி வாக்கில் சென்ட்ரலை விட்டால், நடுவில் ஒரு முழுப் பகல் ஓடி, மூன்றாம் நாள் காலை ஆறரை வாக்கில் நியூதில்லி. மாலையில் கிளம்பும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் கொஞ்சம் மெதுவாகப் போகும். ராஜதானி வாரத்தில் இரண்டு நாள் மட்டும். காலையில் கிளம்பி மறுநாள் காலையில் சேர்ந்துவிடும், ஆனால் அது போய் நிற்பது நியூதில்லியில் அல்ல, ஹஜ்ரத் நிஜாமுதீனில்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

போக மட்டும் மூன்று இரவு: முதல் இரண்டு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில், மூன்றாவது கால்காவிலோ தில்லியிலோ. வெள்ளி இரவு கிளம்பினால் திங்கள் மதியமோ மாலையோ சிம்லாவில் இருப்பீர்கள். திரும்பி வரவும் அதே அளவு நேரம். சிம்லாவில் மூன்று நாளாவது இருக்க வேண்டுமென்றால் மொத்தம் ஒன்பது, பத்து நாள் லீவு போடுங்கள். ஒரு வாரம்தான் கிடைத்திருக்கிறது என்றால் போகும்போது ரயில், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆறரைக்கு வருகிறது. கால்கா ஷதாப்தி அதே ஸ்டேஷனிலிருந்து ஏழு நாற்பதுக்குக் கிளம்புகிறது. அதையே பிடித்துவிடலாமே?

காகிதத்தில் பிடிக்கலாம். ஒரு மணி நேரத்துக்கும் மேலே இருக்கிறது, ஸ்டேஷனும் ஒன்றுதான், அந்த ஷதாப்தி கால்கா போய்ச் சேர்ந்ததும் நண்பகலில் சிம்லாவுக்கு ஹிமாலயன் குவீன் குட்டி ரயில் தயாராக இருக்கும். அதனால்தான் இந்த யோசனை எல்லோருக்கும் வருகிறது.

ஆனால் 2,180 கிலோமீட்டர் ஓடி வரும் வண்டி கடைசி நூறு கிலோமீட்டரில் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆக்ரா தாண்டினால் தண்டவாளத்தில் நெரிசல். தில்லிக்கு வெளியே பிளாட்பாரம் காலியாகும்வரை நிறுத்தி வைப்பார்கள். ஒரு மணி நேரத் தாமதம் என்பது இவ்வளவு தூரத்துக்குத் தாமதமே இல்லை. அதற்குள் ஷதாப்தி போய்விடும், அதைத் தொடர்ந்து குட்டி ரயிலும், சிம்லாவில் போட்ட ஓட்டல் அறையின் முதல் நாளும் போய்விடும்.

தில்லியில் தமிழ்நாட்டு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் குறைந்தது ஆறு மணி நேரம் விடுங்கள். பனிமூட்டக் காலமென்றால் அதுவும் போதாது.

சரி, அந்த ஓர் இரவை எங்கே தங்குவது? தில்லியிலா, கால்காவிலா?

இந்தப் பயணத்தில் முடிவெடுக்க வேண்டிய விஷயம் இதுதான். மற்றதெல்லாம் டிக்கெட் கிடைப்பதைப் பொறுத்து அமைந்துவிடும்.

பலர் தூக்கம் வருகிற இடத்தில் தங்குகிறார்கள். அதாவது இரண்டு இரவு ரயிலில் வந்த அலுப்பில் தில்லியில் அறை எடுத்துவிடுகிறார்கள். என் கட்சி வேறு: தவறவிடவே கூடாத வண்டி எதுவோ, அதற்கு முந்தின இரவு அதன் வாசலில் படுக்க வேண்டும். இங்கே தவறவிடக் கூடாதது குட்டி ரயில். தில்லியிலிருந்து கால்காவுக்கும் சண்டிகருக்கும் ஒரு நாளில் பல வண்டிகள், பேருந்துகளும் ஏராளம். ஒன்று போனால் இன்னொன்று. குட்டி ரயிலில் இருப்பதே சில பெட்டிகள். அன்றைய இடம் போனால் போனதுதான்.

ஆகவே நான் சொல்லும் ஏற்பாடு இப்படி: காலையில் தில்லி வந்து இறங்குங்கள். பகல் முழுவதும் தாமதத்துக்கான இடைவெளி. வண்டி சரியான நேரத்துக்கு வந்தால் அந்தப் பகல் ஊர் சுற்ற, வராவிட்டால் அது தாமதத்தை விழுங்கிக்கொள்ளும். மாலை ஐந்தேகால் வாக்கில் நியூதில்லியிலிருந்து கிளம்பும் இன்னொரு கால்கா ஷதாப்தியில் ஏறினால் இரவு ஒன்பது, ஒன்பதரைக்குக் கால்கா. அங்கே தூங்கி, காலையில் குட்டி ரயில்.

இதில் ஒரு குறை உண்டு. கால்கா சின்ன ஊர். ஸ்டேஷன் ஓய்வறை கிடைக்கவில்லை என்றால் நல்ல விடுதிகள் குறைவு. பக்கத்தில் இருக்கும் பர்வானூவிலோ, கொஞ்சம் முன்னால் இறங்கி சண்டிகர், பஞ்ச்குலாவிலோ தங்கலாம். சண்டிகரில் தங்கினால் அதிகாலையில் கால்காவுக்கு டாக்சியில் ஒரு மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். முந்தின இரவே வண்டிக்குச் சொல்லிவைப்பது நல்லது.

எழுபது வயதைத் தாண்டியவர்களோ கைக்குழந்தையோ கூட வந்தால் மட்டும் தில்லியிலேயே தங்கிவிடுங்கள். அவர்களுக்கு ஒரு முழு நாள் படுக்கை தேவைப்படும். மறுநாள் காலை ஷதாப்தியில் போய், கால்காவில் ஹிமாலயன் குவீன் ஏறினால் மாலையில் சிம்லா. ஷதாப்தி நியூதில்லியிலிருந்தே கிளம்புவதால் அந்த இணைப்பு ஓரளவு நம்பகமானது. ஓரளவு என்றுதான் சொல்கிறேன்.

அறைச் செலவே வேண்டாம், தில்லியிலிருந்து கால்காவுக்கு ராத்திரி வண்டியில் தூங்கிக்கொண்டே போகலாமே?

போகலாம். நேதாஜி எக்ஸ்பிரஸ் இருக்கிறது, 2021 வரை கால்கா மெயில் என்ற பெயரில் ஓடிய அதே பழைய வண்டி. இரவில் பழைய தில்லி ஸ்டேஷனிலிருந்து கிளம்பி விடியலுக்கு முன்னால் கால்கா சேரும், அதிகாலைக் குட்டி ரயில்களுக்குப் பொருத்தமான நேரம்.

தில்லிக்காரர்களுக்கு அது இரவு வண்டி. ஆனால் அது புறப்படுவது ஹவுராவில். ஓர் இரவும் ஒரு பகலும் ஓடிய பிறகுதான் தில்லிக்கே வருகிறது. வழியில் சேர்ந்த தாமதம் முழுவதும் உங்கள் தலையில் விழும். வண்டி மாறும் ஊரிலிருந்தே புறப்படும் வண்டியா, எங்கிருந்தோ வந்து அந்த ஊரைக் கடந்து போகும் வண்டியா என்று எப்போதும் பாருங்கள். முதல் வகைதான் இணைப்புக்கு ஏற்றது. இந்த ஒன்றைப் பார்க்காமல் டிக்கெட் போட்டுவிட்டு பிளாட்பாரத்தில் கொட்டாவி விடுகிறவர்கள் நிறைய.

நேரத்துக்கு வந்தாலும் இரவு ஒன்பதரைக்கு மேல் ஏறி நாலு, நாலரைக்கு இறங்குவது என்ன தூக்கம்? ஏற்கெனவே இரண்டு இரவு ரயிலில் கழிந்திருக்கும். இளவட்டங்கள் சமாளிப்பார்கள்.

முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது தவறினால் பணம் திரும்புமா?

இரண்டு டிக்கெட்டையும் இணைத்திருந்தால் திரும்பும். 2019 ஏப்ரலில் இருந்து இந்த வசதி இருக்கிறது. இரண்டு பிஎன்ஆரிலும் (டிக்கெட்டின் பதிவு எண்) பயணிகளின் பெயர், வயது விவரங்கள் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் பயணம் முடியும் இடத்திலிருந்து இரண்டாவது தொடங்க வேண்டும். ஐஆர்சிடிசி தளத்தில் முதல் டிக்கெட் எடுத்த பிறகு, அதன் தொடர்ச்சியாகவே இணைப்புப் பயணம் என்று அடுத்த டிக்கெட்டைப் போடலாம்.

முதல் வண்டி தாமதமாக வந்து இரண்டாவது போய்விட்டால், போகாத அந்த இரண்டாவது டிக்கெட்டுக்கு ரத்துக் கட்டணம் பிடிக்காமல் பணம் தருவார்கள். முதல் வண்டி உண்மையில் வந்து சேர்ந்த நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மின்டிக்கெட்டுக்கு இணையத்தில் டிடிஆர், அதாவது பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பம், போட வேண்டும், கவுண்டர் டிக்கெட்டை அங்கேயே ஒப்படைக்க வேண்டும். இறங்கிய பரபரப்பில் இதை மறந்து, அறைக்குப் போய்க் குளித்துவிட்டுப் பார்க்கலாம் என்று விடுகிறார்கள். அதற்குள் மூன்று மணி நேரம் ஓடிவிடும்.

பணம்தான் வருமே தவிர, அடுத்த வண்டியில் இடம் தர மாட்டார்கள். அதை நீங்களேதான் தேடிக்கொள்ள வேண்டும். இணைத்திருக்கிறோம் என்ற தைரியத்தில் இடைவெளியைக் குறைத்துவிடாதீர்கள்.

முன்பதிவு எந்த வரிசையில் செய்வது?

2024 நவம்பர் முதல், பயண நாளைக் கணக்கில் சேர்க்காமல் 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. அதற்கு முன் 120 நாளாக இருந்தது. பழைய நினைப்பில் நாலு மாதம் முன்னால் தேடிவிட்டு வண்டியே இல்லை என்று பயந்துவிட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை சென்னை வண்டிக்கு இன்று திறக்கிறதென்றால், ஞாயிறு ஷதாப்திக்கு இரண்டு நாள் கழித்து, திங்கள் குட்டி ரயிலுக்கு மூன்று நாள் கழித்துத்தான் திறக்கும். ஊர் திரும்பும் வண்டிக்கு இன்னும் ஒரு வாரம் ஆகும். ஆக ஒரே நாளில் உட்கார்ந்து முழுப் பயணத்தையும் போட முடியாது. ஒரு தாளில் ஒவ்வொரு டிக்கெட்டும் திறக்கும் தேதியை எழுதி, காலை எட்டு மணிக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். அது இல்லாமல் திறப்பு நாள் காலையில் போட்டிக்கு நிற்க முடியாது.

எதை முதலில் போட வேண்டும் என்பதைத் தேதியே தீர்மானித்துவிடுகிறது. எது கிடைக்காவிட்டால் திட்டத்தையே மாற்ற வேண்டும் என்பதை நீங்கள்தான் முன்னமே யோசித்து வைக்க வேண்டும். கோடை விடுமுறையிலும் டிசம்பர் கடைசியிலும் அது குட்டி ரயில்தான். அது உறுதியாகும்வரை சிம்லா ஓட்டலில், பணம் திரும்பாத வகை அறையைப் போடாதீர்கள்.

வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது, போட்டு வைக்கலாமா?

ஒரே வண்டிப் பயணமென்றால் யோசிக்கலாம். மூன்று வண்டி கோத்த பயணத்தில் ஒன்று மட்டும் வெயிட்டிங்கில் இருந்தால் மற்ற இரண்டும் அதன் தயவில் நிற்கும். மின்டிக்கெட்டில் சார்ட் (இறுதிப் பயணிகள் பட்டியல்) போட்ட பிறகும் வெயிட்டிங் என்றால் அது தானாகவே ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. ஆர்ஏசி என்றால் உட்கார இடம் உறுதி, ஏறலாம்.

வெயிட்டிங்கிலும் வகை உண்டு. வண்டி புறப்படும் ஊரிலிருந்து போடும் பொது வெயிட்டிங்தான் அதிகம் நகரும். நடுவழி ஊர்களுக்கான வெயிட்டிங் மெதுவாகத்தான் இறங்கும். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தாலும் வாய்ப்பு ஒன்றல்ல.

தத்கலை நம்பலாமா?

தத்கல் என்பது கடைசி நேர முன்பதிவு. பயணத்துக்கு முந்தின நாள் திறக்கும்: ஏசிக்குக் காலை பத்து மணி, ஏசி அல்லாததற்குப் பதினொரு மணி. மாற்று வழி இருக்கும் தில்லி–கால்கா பகுதிக்கு மட்டும் நம்பலாம். சென்னை–தில்லிக்கு நம்பி அறை போடுவது சூதாட்டம்.

நாங்கள் திருநெல்வேலி (அல்லது மதுரை, திருச்சி). சென்னை வந்துதான் மாற வேண்டுமா?

தேவையில்லை. கன்னியாகுமரியிலிருந்து திருநெல்வேலி, மதுரை, திருச்சி வழியாக நிஜாமுதீனுக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸ் போகிறது. மதுரையிலிருந்து தமிழ்நாடு சம்பர்க் கிராந்தி உண்டு. மதுரையிலிருந்து சண்டிகருக்கே ஒரு வண்டி ஓடுகிறது, அது கிடைத்தால் தில்லியில் மாறும் தொல்லையே இல்லை. இவை எல்லாம் வாரத்தில் சில நாள் மட்டும் ஓடுபவை. அந்த நாளைச் சுற்றித்தான் மற்ற ஏற்பாடுகளை அமைக்க வேண்டும்.

நாள் ஒத்துவரவில்லை என்றால் எழும்பூர் வந்து சென்ட்ரல் போங்கள். மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன்தான். தெற்கு வண்டிகள் பெரும்பாலும் காலையில் எழும்பூர் சேர்ந்துவிடும், தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு பத்துக்கு. பகல் முழுவதும் சென்னையில் இருப்பதால் இந்த மாற்றத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சொந்தக்காரர் வீட்டில் ஒரு மதியச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளலாம்.

தில்லியில் எத்தனை ஸ்டேஷன்? எதில் இறங்கி எதில் ஏறுவது?

நமக்கு வேண்டியவை மூன்று. நியூதில்லி: தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வருவதும் ஷதாப்திகள் கிளம்புவதும் இங்கே. பழைய தில்லி, டிக்கெட்டில் தில்லி ஜங்ஷன் அல்லது வெறுமனே தில்லி என்று இருக்கும்: நேதாஜி எக்ஸ்பிரஸ் வருவது இங்கே. ஹஜ்ரத் நிஜாமுதீன்: ராஜதானி, திருக்குறள், சம்பர்க் கிராந்தி.

டிக்கெட்டில் வெறும் ‘தில்லி’ என்று இருந்தால் அது நியூதில்லி இல்லை. ஆட்டோக்காரரிடம் “ஸ்டேஷன்” என்று மட்டும் சொன்னால் அவர் பாட்டுக்கு ஓரிடத்தில் இறக்கிவிடுவார். நியூதில்லிக்கும் பழைய தில்லிக்கும் நடுவே மெட்ரோ மஞ்சள் தடம். நியூதில்லியில் ஏறி சாந்தினி சௌக்கில் இறங்கினால் பழைய தில்லி ஸ்டேஷனுக்கு நடை தூரம்தான். நிஜாமுதீன் பக்கம் இளஞ்சிவப்புத் தடத்தில் சராய் காலே கான் மெட்ரோ இருக்கிறது. பெட்டிகள் அதிகமென்றால் டாக்சியே மேல்.

நியூதில்லி ஸ்டேஷனுக்கு இரண்டு வாசல்: முதல் பிளாட்பாரப் பக்கம் பஹாட்கஞ்ச், பதினாறாவது பிளாட்பாரப் பக்கம் அஜ்மேரி கேட். மெட்ரோ அஜ்மேரி கேட் பக்கம். பஹாட்கஞ்ச் பக்கம் மலிவான விடுதிகள், கூடவே “உங்கள் வண்டி ரத்தாகிவிட்டது, டிக்கெட்டை ஆபீசில் மாற்றித் தருகிறேன்” என்று வழிமறிப்பவர்களும். காது கொடுக்காமல் நடந்துவிடுங்கள். வண்டி நிலவரத்தை உங்கள் போனிலோ 139 எண்ணிலோ தெரிந்துகொள்ளலாம்.

ஸ்டேஷன் ஓய்வறையை எப்படிப் பிடிப்பது?

ரிட்டயரிங் ரூம் என்று ஐஆர்சிடிசி தளத்திலேயே போடலாம். உறுதியான அல்லது ஆர்ஏசி டிக்கெட்டின் பிஎன்ஆர் வேண்டும். அந்த டிக்கெட்டில் ஏறும் ஊர், இறங்கும் ஊர் இரண்டில் ஒன்றில் அறை கேட்கலாம், அதிகபட்சம் 48 மணி நேரம். அறைகள் கொஞ்சம்தான் என்பதால் டிக்கெட் உறுதியான அன்றே பாருங்கள். ஆடம்பரம் எதிர்பார்க்காதீர்கள். சுத்தமான படுக்கை, வெந்நீர் கிடைத்தால் போதும் என்ற மனநிலை வேண்டும். கால்காவில் இதன் பெரிய வசதி, காலையில் குட்டி ரயில் பிளாட்பாரத்துக்கு நடந்தே போய்விடலாம்.

தில்லியில் பகல் முழுவதும் பெட்டியை இழுத்துக்கொண்டு என்ன செய்வது?

கிளாக் ரூமில் போட்டுவிடுங்கள். பூட்டாத பையை வாங்க மாட்டார்கள், எனவே ஒவ்வொரு பைக்கும் ஒரு சின்னப் பூட்டு ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள். டிக்கெட்டையும் காட்டச் சொல்வார்கள். குளிக்க, சற்றுச் சாய, நியூதில்லி ஸ்டேஷனில் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஓய்வுக்கூடம் இருக்கிறது.

அப்புறம் மெட்ரோதான். தெற்கே அடுத்த ஸ்டேஷன் ராஜீவ் சௌக், வெளியே வந்தால் கன்னாட் பிளேஸ், அங்கே நம் ஊர் இட்லி தோசைக்குப் பஞ்சமில்லை. வடக்கே சாவ்ரி பஜாரும் சாந்தினி சௌக்கும், அதாவது ஜும்மா மசூதியும் செங்கோட்டையும். செங்கோட்டைக்குத் திங்களன்று விடுமுறை. மதியம் மூன்றரைக்குள் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடுங்கள். கிளாக் ரூம் வரிசையும் நுழைவாயில் சோதனையும் நேரம் எடுக்கும்.

பெரியவர்களுக்குக் கீழ் பெர்த் எப்படி வாங்குவது?

அறுபது வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. பதிவு செய்யும்போது அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே டிக்கெட்டில் அதிகபட்சம் இருவருக்குத்தான் அது. குடும்பத்தில் ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் இந்த ஒதுக்கீடு கைநழுவிவிடும். தாத்தா பாட்டிக்குத் தனி டிக்கெட், மற்றவர்களுக்குத் தனி என்று பிரித்துப் போடுங்கள். பெட்டி மாறினாலும் மாறும், ஆனால் பேரனை மேல் பெர்த்துக்கு அனுப்பி இடம் மாற்றிக்கொள்ள எப்போதும் ஆள் கிடைக்கும். கீழ் பெர்த்தை விட்டுக்கொடுக்கத்தான் ஆள் கிடைக்காது.

முதியோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

வண்டியில் சாப்பாடு?

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சமையல் பெட்டி உண்டு, வயிறு நிறையும். முதல் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் வீட்டிலிருந்து புளியோதரை, இட்லி மிளகாய்ப்பொடி எடுத்துக்கொள்வதை எந்தத் திட்டமும் மிஞ்சாது. தயிர்சாதம் மட்டும் மறுநாள் மதியம்வரை தாங்காது, மே மாதத்தில் நிச்சயமாகத் தாங்காது. பிற்பகலில் நாக்பூர் வரும், பருவமென்றால் ஆரஞ்சு வாங்கலாம். இரவுச் சாப்பாட்டைப் போபாலுக்கு ஐஆர்சிடிசி உணவுச் சேவையில் முன்பதிவு செய்தால் இருக்கைக்கே வரும். வண்டி தாமதமானால் சாப்பாடும் தாமதம், எனவே பிஸ்கட்டாவது கையில் இருக்கட்டும். ஷதாப்தியில் டிக்கெட்டோடு சாப்பாடு சேர்ந்திருக்கும்.

போன் சார்ஜ் பகலிலேயே போட்டுவிடுங்கள். இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜ் புள்ளிகளை அணைத்துவிடுவார்கள்.

எந்த மாதம் போகலாம்?

ரயில் கண்ணோட்டத்தில் மட்டும் சொன்னால் அக்டோபர், நவம்பர், பிறகு மார்ச். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முழுவதும் வடக்கே பனிமூட்டம். வண்டிகள் ஐந்தாறு மணி நேரம் தாமதமாவது அப்போது செய்தியே இல்லை, சிலவற்றை முன்கூட்டியே ரத்தும் செய்துவிடுவார்கள். சிம்லாவில் பனி விழுவதைப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சமயத்தில்தான் போகப் போகிறீர்கள் என்றால், தில்லியில் ஓர் இரவு, கால்காவில் ஓர் இரவு என்று இரண்டு வையுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் மலைச்சரிவு. 2023 ஆகஸ்டில் சிம்லாவுக்குப் பக்கத்தில் சம்மர் ஹில்லில் மண் சரிந்து, அடியில் நிலமே இல்லாமல் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அந்தப் பாதை மறுபடி முழுதாக ஓட வாரக்கணக்கில் ஆனது. மழைக்காலத்தில் குட்டி ரயிலை நம்பி ஒரே நாள் கணக்குப் போடாதீர்கள்.

இவ்வளவு பாடுபட்டுப் போகும் அளவுக்கு அந்தக் குட்டி ரயிலில் என்ன இருக்கிறது?

1903இல் திறந்த பாதை. 96 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். கால்கா 650 மீட்டர் உயரம், சிம்லா ஸ்டேஷன் 2,000 மீட்டருக்கும் மேலே. நூற்றுக்கு மேற்பட்ட குகைகள், எண்ணூறுக்கு மேற்பட்ட பாலங்கள். பல பாலங்கள் பழைய ரோமானிய நீர்வழிகளைப் போல அடுக்கடுக்கான கல் வளைவுகள். பரோக் என்ற இடத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான குகை. அதைத் தாண்டியதும் அதே பெயரில் ஸ்டேஷன், அங்கே வண்டி சற்று நிற்கும், கட்லெட்டும் டீயும் கிடைக்கும். டார்ஜிலிங், நீலகிரி மலை ரயில்கள் ஏற்கெனவே இருந்த யுனெஸ்கோ பட்டியலில் 2008இல் இதுவும் சேர்ந்தது. ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு ஒரு வித்தியாசம் தெரியும்: அங்கே ஏற்றத்தில் பல்சக்கரம் பிடித்து ஏறும், இங்கே பல்சக்கரமே கிடையாது. மலையைச் சுற்றிச் சுற்றியே உயரத்தை எடுத்துக்கொள்கிறது.

எந்தப் பக்கம் உட்காருவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாதை திரும்பிக்கொண்டே இருப்பதால் பள்ளமும் பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். ஜன்னல் கிடைத்தால் போதும்.

பெட்டி வைக்க இடம் மிகக் குறைவு என்பதுதான் முக்கியம். பெரிய சக்கரப் பெட்டி ஒன்றுக்குப் பதில் இரண்டு சின்னப் பைகளாகக் கட்டுங்கள். கம்பளி உடுப்பை மேலாக வையுங்கள். பாதி வழியிலேயே குளிர் தெரியும்.

குட்டி ரயிலில் இடம் கிடைக்கவே இல்லை. என்ன வழி?

அதிகாலையில் அடுத்தடுத்துச் சில வண்டிகள் கிளம்புகின்றன. ஷிவாலிக் டீலக்ஸ் மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று விடாதீர்கள். சாதாரண வண்டிகளில் முன்பதிவில்லாத பெட்டியும் இருக்கும். கால்காவில் தங்கியிருந்தால் சீக்கிரம் போய் வரிசையில் நிற்கலாம். அதுவும் முடியாவிட்டால் கார் அல்லது பேருந்தில் ஏறிப்போய், இறங்கும்போது ரயிலில் வாருங்கள்.

சென்னையிலிருந்து சிம்லாவரை ஒரே டிக்கெட்டாக எடுத்து நடுவில் இறங்கித் தங்கலாமா?

ஐநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டில் ஒருமுறையும், ஆயிரத்துக்கு மேல் இருமுறையும் இடையில் இறங்கித் தங்க விதி இருக்கிறது. ஆனால் அது கவுண்டரில் கேட்டு வாங்குவது, ராஜதானி, ஷதாப்திக்குச் செல்லாது, ஒவ்வொரு வண்டிக்கும் பெர்த் தனித்தனியாகத்தான் பதிய வேண்டும். இந்தப் பயணத்துக்குத் தனித்தனி டிக்கெட்டே சுலபம்.

சிம்லா ஸ்டேஷனில் இறங்கியதும்?

சிம்லாவின் முக்கியக் கடைத்தெருவான மால் ரோடு மேலே இருக்கிறது, அங்கே கார் போகாது. டாக்சி கீழே இருக்கும் கார்ட் ரோடு வரை வரும், அங்கிருந்து மேலே செல்ல லிஃப்ட் இருக்கிறது, கட்டணம் உண்டு. ஓட்டல் போடும்போதே “வாசல் வரை வண்டி வருமா, எத்தனை படி ஏற வேண்டும்” என்று கேட்டுவிடுங்கள். படி ஏற முடியாதவர்கள் கூட இருந்தால் ஓட்டலின் அழகைவிட இந்தப் பதில்தான் முக்கியம்.

திரும்பி வரும்போதும் கால்காவில் தங்க வேண்டுமா?

வேண்டாம். போகும்போது நான் வேண்டாம் என்ற நேதாஜி எக்ஸ்பிரஸ், திரும்பும்போது நல்ல வண்டி. காரணம், அது புறப்படுவதே கால்காவில். மதியத்துக்கு மேல் சிம்லாவில் குட்டி ரயில் ஏறி இரவு கால்கா வந்து, சாப்பிட்டு, நள்ளிரவுக்குச் சற்று முன் அதில் படுத்தால் காலையில் பழைய தில்லி. நமக்கான வண்டிகள் நியூதில்லியிலிருந்து அன்று மாலையிலும் இரவிலும்தான் என்பதால் குட்டி ரயில் தாமதமானாலும், நேதாஜி தாமதமானாலும் பகல் முழுவதும் கையில் இருக்கும்.

காலையில் சிம்லாவை விட்டால் மாலை ஷதாப்தி பிடித்து இரவே தில்லி வந்துவிடலாம், ஆனால் அப்போது தில்லியில் அறை எடுக்க வேண்டும். எப்படி வந்தாலும், சென்னையில் இறங்கும் நாளுக்கு மறுநாள் ஆபீஸ் போவதாக வைத்துக்கொள்ளுங்கள், அதே நாள் வேண்டாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் காலையில் சென்ட்ரல் வரும் என்று அட்டவணை சொல்லும். சென்னைக்கு முன்னால் வரும் கூடூரில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று அது சொல்லாது.